டல்சா 1921: பாடப்புத்தகம் மறைத்த இரண்டு நாள் (கேள்வி பதில்)

கேள்வி: டல்சாவில் அப்படி என்னதான் நடந்தது அக்கா? எங்கள் பள்ளியில் லிங்கன், மார்ட்டின் லூதர் கிங் இருவரோடு அமெரிக்கக் கதையை முடித்துவிட்டார்கள்.

டல்சா, ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே கிரீன்வுட் என்பது கறுப்பினத்தவர் கடை, ஓட்டல், தியேட்டர் எல்லாம் வைத்துச் செழிப்பாக இருந்த பகுதி. ஷூ பாலிஷ் போடும் டிக் ரோலண்ட் என்ற இளைஞன் லிஃப்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் தாக்கினான் என்று புகார். பிறகு அந்த வழக்கே தள்ளுபடியானது, ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 1921 மே 31 இரவு தொடங்கி மறுநாளுக்குள் வெள்ளையர் கும்பல் கிரீன்வுட்டில் சுமார் 35 பிளாக்குகளை, அதாவது தெருக்களுக்கு நடுவே உள்ள கட்டடத் தொகுதிகளை, சாம்பலாக்கியது. அரசுக் கணக்கில் செத்தவர்கள் 36 பேர். 300 வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

கேள்வி: அந்த ஊர்ப் பிள்ளைகளுக்காவது தெரிந்திருக்குமே?

அதுதான் கொடுமை. 1950களில் அங்கே கறுப்பினப் பிள்ளைகள் படித்த புக்கர் டி. வாஷிங்டன் பள்ளியில், வில்லியம்ஸ் என்ற ஆசிரியர் வகுப்பில் இதைச் சொன்னார். டான் ராஸ் என்ற மாணவன் எழுந்து, கிரீன்வுட்டாவது எரிந்ததாவது, நான் நம்ப மாட்டேன் என்று சண்டைக்கே போய்விட்டான். மறுநாள் வில்லியம்ஸ் ஒரு போட்டோ ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினார், எரிந்த கட்டடங்கள், பிணங்கள். எரிந்ததில் ட்ரீம்லேண்ட் தியேட்டரும் ஒன்று, அது வில்லியம்ஸ் வீட்டாருடையது! அதே ராஸ்தான் பின்னாளில் சட்டமன்ற உறுப்பினராகி 1997இல் விசாரணைக் குழு அமைய முன்நின்றார்.

கேள்வி: இதைச் சிலர் கலவரம் என்கிறார்கள், சிலர் படுகொலை என்கிறார்கள். கலவரம் என்றால் என்ன, படுகொலை என்றால் என்ன? வார்த்தையில் என்ன இருக்கிறது?

பணம் இருக்கிறது தம்பி. கலவரத்தில் எரிந்தால் இழப்பீடு கிடையாது என்று பாலிசியில் ஒரு விதி இருந்தது, அதைக் காட்டியே இன்சூரன்ஸ் கம்பெனிகள் கையை விரித்தன. 1997இல் அமைந்த விசாரணைக் குழுவே 'இனக் கலவரம்' என்ற பெயரில்தான் தொடங்கியது.

கேள்வி: இப்போதாவது சொல்லித்தருகிறார்களா?

2002 முதல் மாநிலப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் பாடத்திட்டத்தில் இருப்பது வேறு, வகுப்பில் நடப்பது வேறு. அதுவும் நூற்றாண்டு நினைவு வந்த அதே 2021 மே மாதம், இனத்தை வைத்து எந்த மாணவரும் குற்ற உணர்வோ சங்கடமோ கொள்ள வேண்டும் என்று கற்பிக்கக் கூடாது என ஆளுநர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். டல்சாவைச் சொல்லிக்கொடுக்க அந்தச் சட்டம் தடை விதிக்கவில்லை, சரி. ஆனால் எந்தப் பெற்றோர் எப்போது புகார் கொடுப்பாரோ என்று பயப்படும் ஆசிரியர் இரண்டு வரி வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். நானாக இருந்தாலும் கொஞ்சம் யோசிப்பேன்.

கேள்வி: என் பையனுக்கு 12 வயது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பிணங்களிலிருந்து வேண்டாம். முதலில் எரிவதற்கு முந்தைய கிரீன்வுட்டைக் காட்டுங்கள். அப்புறம் டல்சா ட்ரிப்யூன் பத்திரிகையின் மே 31 முதல் பக்கம், மைக்ரோஃபிலிம் பிரதி (பழைய பத்திரிகைகளைச் சின்னப் படச்சுருளில் படம் எடுத்து வைப்பது). ரோலண்ட் கைதான செய்தி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும், படம் எடுப்பதற்கு முன்பே யாரோ கிழித்திருக்கிறார்கள். யார் கிழித்திருப்பார்கள், ஏன் என்று அவனையே கேளுங்கள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.