தோழியை நீக்கியது சரியா?

கேள்வி: அக்கா, பெண்கள் காப்பகத்தில் திருநங்கைகளைச் சேர்க்கலாமா என்று சந்தேகம் கேட்ட தோழியை எங்கள் பெண்ணியக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். இது நியாயமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: நியாயமே இல்லை தங்கச்சி. கேள்வி கேட்பது வெறுப்பு ஆகாது. 2008இல் நம் தென்னாப்பிரிக்காவில் ஜான் குவெலானே தன்பாலீர்ப்பாளர்களை இழித்துச் செய்தித்தாளில் பத்தி எழுதினார். நிறவெறியை எதிர்த்து நின்ற பத்திரிகையாளர் அவர், அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. 2021இல் நம் அரசமைப்பு நீதிமன்றம் அதை வெறுப்புப் பேச்சு என்றது. கூடவே, சமத்துவச் சட்டத்தில் இருந்த ‘புண்படுத்தும்’ பேச்சு என்ற அளவுகோல் செல்லாது என்றும் சொன்னது. மனம் நோவது வேறு, தீங்கைத் தூண்டுவது வேறு.

தோழியைத் திரும்பக் கூப்பிடுங்கள். அடிபட்டு நள்ளிரவில் ஓடிவரும் திருநங்கை எந்தக் கதவைத் தட்டுவாள் என்று அவரிடமும் கேளுங்கள். அதற்கு அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.