அத்தையின் 30 நாள் முடிகிறது: சிங்கப்பூர் போய்த் திரும்பலாமா?

கேள்வி: மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து லாபிஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறேன். மனைவி தமிழ்நாட்டுப் பெண். திருமணத்தை இங்கே பதிவு செய்தோம். அவர் நீண்டகால வருகை பாஸில் இருக்கிறார். பேறுகாலத் துணைக்கு அத்தை (மனைவியின் தாய்) ஊரிலிருந்து விசா இல்லாமல் வந்தார். அவருடைய 30 நாள் அடுத்த வாரம் முடிகிறது. குழந்தை இன்னும் பிறக்கவில்லை. "ஒரு நாள் சிங்கப்பூர் போய்த் திரும்பினால் புதிதாக 30 நாள் குத்துவார்கள், கடப்பிதழைக் கொடுங்கள்" என்கிறார் ஓர் ஏஜெண்ட். "பேசாமல் தங்கட்டும், விமான நிலையத்தில் அபராதம் கட்டிக்கொள்ளலாம்" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். இதற்கிடையே பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையில் அத்தை காலையில் தோசை சுட்டுக் கொடுத்துக் கைச்செலவுக்குக் காசு வாங்குகிறார். என்ன செய்வது ஐயா?

பதில்: தம்பி, முதலில் அந்தத் தோசைக் கடை வேலையை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் கடைசியில் சொன்னதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. வருகை பாஸில் வந்தவர் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்வது பாஸின் நிபந்தனையை மீறுவதாகும். "உதவிக்கு நின்றேன்" என்ற பேச்சு சோதனைக்கு வரும் அதிகாரியிடம் எடுபடாது. கடைக்காரரும் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவில் மாட்டக்கூடும்; அதில் ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அடுத்து சிங்கப்பூர். இந்தியக் குடிமக்கள் அங்கே நுழைய விசா வேண்டும். அத்தை இங்கே விசா இல்லாமல் வந்தது 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா கொடுத்துவரும் சலுகையால். ஜொகூர் பாலத்தின் அக்கரையில் அது செல்லாது. விசா இல்லாமல் போனால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விசா எடுத்தே போனாலும், திரும்பும்போது புதிதாக 30 நாள் கேட்க அவருக்கு உரிமை இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் முகப்பில் இருக்கும் அதிகாரியின் முடிவு. அந்த முடிவின் நியாயத்தை நீதிமன்றத்தில் எதிர்த்து வாதாட அதே குடிநுழைவுச் சட்டத்தின் 59ஏ பிரிவு இடம் கொடுப்பதில்லை. சட்டம் சொன்ன நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதை மட்டுமே கேட்க முடியும். ஏஜெண்ட் இதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். கடப்பிதழை அவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பிறருடைய கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

அக்கம்பக்கத்தார் யோசனை இதைவிட ஆபத்தானது. பாஸ் முடிந்தும் தங்கினால் குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். விமான நிலையத்தில் சிலர் சிறு தொகை கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அது துறை காட்டும் சலுகை, அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. மீண்டும் வர முடியாதபடி பெயர் தடைப் பட்டியலிலும் ஏறலாம். தெரிந்தே அவரை வீட்டில் வைத்திருந்தால் 56(1)(டி) பிரிவு உங்கள் மேல் பாயும்: 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அதோடு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. குழந்தை பிறக்கும் நேரத்தில் தகப்பன் லாக்கப்பில் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

பெற்ற மகள் பேறுகாலத்தில் தாய் அருகில் இருக்க ஆசைப்படுவதில் தவறே இல்லை. அந்த ஆசையோடு நாளைக் காலையே குடிநுழைவு அலுவலகத்துக்கு மூவரும் போங்கள்; மனைவிக்கு முடியாவிட்டால் நீங்களும் அத்தையும் போங்கள். இரண்டு பெண்களின் கடப்பிதழ்கள், உங்கள் அடையாள அட்டை, திருமணப் பத்திரம், அத்தையின் திரும்பும் டிக்கெட், கிளினிக்கில் கொடுத்த இளஞ்சிவப்பு நிறத் தாய்நலப் புத்தகம் எல்லாம் கையில் இருக்கட்டும். நோய், விபத்து போன்ற தனிக் காரணங்களுக்கே நீட்டிப்புக் கிடைக்கும். சுகப்பிரசவம் என்று மட்டும் சொன்னால் மறுக்கலாம். ஆகவே இரத்த அழுத்தம், நீரிழிவு, அறுவைச் சிகிச்சை ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி கடிதமாக வாங்குங்கள். இல்லாத நோயை எழுதி வாங்கினால் நானே உங்களுக்காக வாதாட மாட்டேன்.

சூழ்நிலையைப் பார்த்து அதிகாரி குறுகிய காலத்துக்குச் சிறப்பு பாஸ் கொடுக்கலாம். மறுத்துவிட்டால், முத்திரையில் உள்ள தேதிக்குள் அத்தை விமானம் ஏறிவிட வேண்டும். மனம் கனக்கும், தெரியும். ஆனால் கறை படியாத கடப்பிதழோடு போனவர் பேரப்பிள்ளையைப் பார்க்க மறுபடி முறையாக வரலாம். அப்போது டிஜிட்டல் வருகை அட்டையை (இணையத்தில் நிரப்பும் வருகைப் படிவம்) வந்திறங்குவதற்கு முன்னான 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். அந்த அட்டை விசா ஆகாது. அதைக் காட்டித் தங்கும் நாளையும் கூட்ட முடியாது.

குழந்தை பிறந்ததும் 60 நாளுக்குள் தேசியப் பதிவுத் துறையில் பதிந்துவிடுங்கள். மலேசியத் தகப்பனுக்குச் சட்டப்படியான திருமணத்தில் இங்கே பிறக்கும் பிள்ளை மலேசியக் குடிமகன். ஆகவே பாட்டி வீட்டுக்குப் போக அந்தப் பிள்ளைக்கு மலேசியக் கடப்பிதழும் இந்திய விசாவும் வேண்டும். டிக்கெட் எடுக்கும் முன் உங்கள் மனைவியின் நீண்டகால பாஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்கள். அவர் ஊரில் இருக்கும்போது அது முடிந்துவிடக் கூடாது; தேதி நெருங்கியிருந்தால் புதுப்பித்த பிறகே புறப்படுங்கள்.