ஊர் மாறினால் மின்னஞ்சல் ஏன் நிற்கிறது?

மடிக்கணினியுடன் பல இடங்களுக்குச் செல்லும் டர்பன் வட்டாரத் தமிழர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சாட்ஸ்வர்த் ஆசிரியை: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அக்கா வீட்டு வைஃபையில் கடிதங்கள் வருகின்றன, நான் அனுப்புவது மட்டும் மறுக்கப்படுகிறது. ஏன் ஐயா?

அம்மா, பெறுவதும் அனுப்புவதும் வெவ்வேறு சர்வர்களின் வேலை. தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் அனுப்பும் சர்வராக உங்கள் வீட்டு இணைய நிறுவனத்தின் சர்வரைக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குப்பை அஞ்சல் அனுப்புவோருக்கு இடங்கொடுக்கக் கூடாது என்பதால், அத்தகைய சர்வர்கள் பல தம் சொந்த இணைப்பிலிருந்து வருவோரை மட்டுமே ஏற்கும்; அதே காரணத்துக்காகப் பல நிறுவனங்கள் போர்ட் 25ஐயும் (போர்ட் என்பது சர்வரின் எண்ணிட்ட வாயில்) அடைத்துவிடுகின்றன. ஆகவே உங்கள் அஞ்சல்பெட்டி யாரிடம் இருக்கிறதோ அவர்களுடைய அனுப்பும் சர்வரையே எழுதி, போர்ட் 587, ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை), கடவுச்சொல் சரிபார்ப்பு என்று மாற்றுங்கள். கடிதங்களை ஒப்படைப்பதற்கென்றே 1998இல் வரையறுக்கப்பட்ட வழி இது. அங்கும் தடை இருந்தால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் மறையாக்கத்துடன் போர்ட் 465ஐ முயலுங்கள். நீங்கள் யார் என்பதைக் கடவுச்சொல்லே காட்டிவிடுவதால், எந்த வீட்டு வைஃபை என்று சர்வர் பார்ப்பதில்லை.

ஃபீனிக்ஸ் வாசகர்: மின்வெட்டின்போது கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் டேட்டா விரைவில் தீர்ந்துவிடுகிறது. விண்டோஸில் அதைக் கட்டண அளவுள்ள இணைப்பு என்று குறித்தும் பயனில்லை.

அந்தக் குறிப்பு விண்டோஸின் சொந்தப் பதிவிறக்கங்களைத்தான் பெரும்பாலும் கட்டுப்படுத்தும். தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளுக்குள் ஒத்திசைவுப் பகுதிக்குச் சென்று, அண்மைய 30 நாள் கடிதங்கள் போதும் என்றும், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்டவற்றை இறக்க வேண்டாம் என்றும் குறியுங்கள்.

வெருலம் வாசகர்: விடுதி வைஃபையில் சேர்ந்தவுடன் சான்றிதழ் எச்சரிக்கை வருகிறது. ஒப்புக்கொள்ளலாமா?

ஒருபோதும் கூடாது. சர்வர் தான் யார் என்று காட்டும் சான்றிதழ் சரியாக இல்லாதபோது வருவது அது. விடுதியின் உள்நுழைவுப் பக்கம் இடைமறிப்பதால் அந்த எச்சரிக்கை வந்திருக்கலாம். கடவுச்சொல்லைத் திருடுபவர் இடையில் இருந்தாலும் அதே எச்சரிக்கைதான் வரும். முதலில் உலாவியில் உள்நுழைவை முடியுங்கள். அதன் பிறகும் எச்சரிக்கை நீடித்தால் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிவிடுங்கள்.

டோங்காட் மாணவி: ஜொகன்னஸ்பர்க் செல்லும் பேருந்தில் சிக்னல் வந்து வந்து போகிறது. எழுதிய கடிதம் வீணாகாமல் இருக்க என்ன செய்யலாம்?

தண்டர்பேர்டை ஆஃப்லைன் நிலைக்கு மாற்றிவிட்டு எழுதம்மா. அனுப்பும் கட்டளை கொடுத்ததும் கடிதம் அவுட்பாக்ஸில் காத்திருக்கும். நல்ல இணைப்பு கிடைத்து ஆன்லைனுக்கு மாறியதும், அவுட்பாக்ஸ் காலியாகிவிட்டதா என்று பார்த்த பிறகே மடிக்கணினியை மூட வேண்டும்.