முதல் சம்பளக் கவர் உங்களுக்கு

கேள்வி: சார், எனக்கு 36 வயது. மதுரையில் துணிப்பை தைக்கும் யூனிட் நடத்துகிறேன். ஒன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள். நானும் விவாகரத்தானவள். ஒன்பது வயது மகளோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். அவள் அப்பாவிடமிருந்து பணம் எதுவும் வருவதில்லை.

மாதம் சுமார் 6,000 பை, ஒன்று 35 ரூபாய்க்குப் போகிறது. துணி, நூல், பிரிண்டிங் 86,000, கூலி 78,000, இட வாடகை, கரண்ட் 14,000. மிஞ்சுவது 32,000. வீட்டுச் செலவு 25,000. எங்கள் தெருப் பிள்ளைகள் 26 பேருக்கு இலவச மாலை வகுப்பும் நடத்துகிறேன். அறை வாடகை, டீச்சர், சுண்டல் எல்லாம் சேர்த்து 11,500 ஆகிறது. ஒரு கம்பெனி 3.2 லட்சம் ரூபாய் பில்லை ஐந்து மாதமாக இழுத்தடிக்கிறது. அதனால் துணிக்கடை பாக்கிக்கும் தீபாவளி போனசுக்கும் நகையை 2.4 லட்சத்துக்கு அடகு வைத்தேன். மகளின் செல்வமகள் கணக்கை மூடி நகையை மீட்கலாமா? அறக்கட்டளை தொடங்கினால் நன்கொடை வரும், வீட்டுச் செலவையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள் தோழி. செய்யலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரி, ஆனால் இரண்டு வரிகள் விடுபட்டிருக்கின்றன. ஒன்று, நகைக்கடன் வட்டி. ஆண்டுக்கு 12 சதவீதம் என்றே வைத்தாலும் மாதம் 2,400 ரூபாய். ஆக, மாதாமாதம் 6,900 ரூபாய் துண்டு விழுகிறது.

இன்னொன்று உங்கள் சம்பளம். ஒன்பது பேரின் கூலியை எழுதியிருக்கிறீர்கள், சுண்டல் செலவைக்கூட விடவில்லை. துணி வெட்டுவது, ஆர்டர் பிடிப்பது, பில் போடுவது, வகுப்பைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நீங்கள்தான். அந்த உழைப்புக்கு ஒரு வரி இல்லை. ஒரு கட்டிங் மாஸ்டரை வைத்தால் சும்மா வருவாரா? மிஞ்சியதில் குடும்பம் நடத்துகிறீர்கள், மிஞ்சாத மாதம் கழுத்தில் இருப்பதைக் கழற்றுகிறீர்கள். நீங்கள் எடுத்துக்கொள்ளாத சம்பளம் உங்கள் மகளுடைய பணம். அதை எடுத்தால் அந்தப் பெண்களின் பங்கைக் குறைப்பதாகிவிடும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நீங்கள் படுத்துவிட்டால் பத்துக் குடும்பங்களில் அடுப்பு எரியாது.

எனவே முதல் வேலை, தொழிலுக்குத் தனி நடப்புக் கணக்கு. அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி உங்கள் சேமிப்புக் கணக்குக்கு 25,000 போகட்டும். மாலை வகுப்புக்கு மூன்றாவதாக ஒரு கணக்கு. 11,500-க்கு மேல் ஒரு ரூபாய்கூட அங்கே போகக் கூடாது.

அந்த 11,500 எங்கிருந்து வரும்? பையின் விலையிலிருந்து. 35 ரூபாயைச் சராசரியாக 37 ஆக்கினால் 6,000 பைக்கு 12,000 ரூபாய். வகுப்பின் செலவு அதில் அடங்கிவிடும். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏற்ற வேண்டாம். மொத்தமாக எடுக்கும் கடைக்காரர் பேரம் பேசுவார், அவருக்கு 36 போதும். கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை கேட்டு வருபவர்களிடம் 39 சொல்லுங்கள். அச்சடித்த பெயரும் தையலும் நன்றாக இருந்தால், நாலு ரூபாய்க்காக அவர்கள் வேறு ஆளைத் தேடிப் போவது குறைவு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, மஞ்சப்பையும் திரும்பி வந்துவிட்டது. உங்கள் சரக்குக்குத் தேவை இருக்கும் காலம் இது. மூன்று மாதத்தில் விலை ஏறவில்லை என்றால் வகுப்பை வாரம் மூன்று நாளாகக் குறையுங்கள். எழுதவே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடகு வைத்து நடத்தும் வகுப்பு நீண்ட நாள் ஓடாது.

அடுத்தது அந்த 3.2 லட்சம். நகையை மீட்க வேண்டிய பணம் இதுதான். நீங்கள் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு) வைத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே செய்யுங்கள்; கட்டணம் கிடையாது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்பவரிடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டுவட்டியாக. இதைக் குறிப்பிட்டு அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். பல இடங்களில் அந்தக் கடிதமே வேலையை முடித்துவிடும். அசையவில்லை என்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். இத்தகைய பாக்கிகளை விசாரிக்கும் மன்றத்தில் மனுப் போட வழி சொல்வார்கள். பதிவுக்கு முன் கொடுத்த சரக்குக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் புரிகிறது. ஐந்து மாதமாகப் பணம் தராதவரை நம்பித் துணி எடுப்பதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து. இனி பாதி அட்வான்ஸ் வராமல் துணியில் கத்திரி வைக்காதீர்கள்.

செல்வமகள் கணக்கை நகைக்காக மூட விதியே இடம் தராது. உயிருக்கு ஆபத்தான நோய், காப்பாளரின் மரணம் போன்ற காரணங்களுக்குத்தான் இடையில் மூட முடியும். கை இறுக்கமான வருடத்தில் 250 ரூபாய் கட்டினால் போதும், கணக்கு உயிரோடு இருக்கும். மகள் பத்தாம் வகுப்பு முடித்த பிறகு, அல்லது 18 வயதானதும், மேற்படிப்புக்கு இருப்பில் பாதி வரை எடுக்கலாம். அதுவரை அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள்.

தோழி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அது தவறான வழி. அறக்கட்டளைப் பணத்தில் அதை நிறுவியவர் குடும்பம் நடத்தினால் வரிவிலக்கு பறிபோகலாம். நம்பி நன்கொடை தந்தவர்கள் முகத்திலும் விழிக்க முடியாது. பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியும் புது அறக்கட்டளைக்கு உடனே வராது, மூன்று ஆண்டு செயல்பாட்டை விதி கேட்கிறது. 26 பிள்ளைகளுக்காகத் தணிக்கை, ஆண்டுக் கணக்கு என்ற சுமையை இப்போது ஏற்ற வேண்டாம். உங்கள் பகுதியில் ஏற்கெனவே இயங்கும் நல்ல அறக்கட்டளை எதுவும் இந்த வகுப்பைத் தன் பெயரில் ஏற்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஒன்பது பேரையும் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிடுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கும், விபத்துக்கும், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியத்துக்கும் அங்கே உதவி உண்டு. ஆளுக்கொரு அவசரம் வரும்போதெல்லாம் அவர்கள் உங்கள் கைப்பையை நம்பியிருக்க வேண்டியதில்லை.

பையின் விலை ஏறித் துண்டு நின்றதும் மாதம் ஐந்தாயிரம் ரூபாய் போல கையில் நிற்கும்; நகையை மீட்டு வட்டியும் நின்றால் அது ஏழாயிரத்தைத் தாண்டும். அதில் முதலில் உங்களுக்கும் மகளுக்கும் மருத்துவக் காப்பீடு, பிறகு 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி, அதாவது உங்களுக்கு ஏதாவது ஆனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு. பாலிசிக்கு வருமான ஆதாரம் கேட்பார்கள், அதற்காகவாவது வருமான வரிக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்யுங்கள். மகள் மைனர் என்பதால் பாலிசியில் அவளுக்காகப் பணத்தைப் பெறுபவராக உங்கள் அக்காவையோ தம்பியையோ எழுதுங்கள். கூடவே உயிலும் வேண்டும். உங்களுக்கு ஏதாவது ஆனால், சட்டம் பொதுவாக அவள் அப்பாவைத்தான் முதலில் காப்பாளராகப் பார்க்கும். பணத்தை யார் நிர்வகிக்க வேண்டும், எந்த வயதில் அவள் கைக்கு வர வேண்டும் என்பதை ஒரு வழக்கறிஞரை வைத்து எழுதிவிடுங்கள்.

பாக்கி வந்து நகையை மீட்டதும் மறுபடி எழுதுங்கள். அவசரக் கையிருப்பை எங்கே வைப்பது என்பதை அப்போது பார்ப்போம்.