வெங்காயப்பூ

அன்புள்ள ஐயா,

கிளிநொச்சியில் வசிக்கிறேன். லில்லி வளர்ப்பதும் அவற்றின் பெயர்களைத் தேடிப் படிப்பதும் இரண்டு வருடமாக எனக்குப் பிடித்த வேலை. தமிழில் பெயர் கிடைக்காதவற்றுக்கு 'மழை அல்லி', 'சிலந்தி அல்லி' என்று நானே பெயர் வைத்துச் சாடிகளில் எழுதியிருக்கிறேன். கார்த்திகைப்பூவும் லில்லிதானா? நுவரெலியாவில் வாங்கிவந்த லில்லிக் கிழங்குகள் ஒன்றுமே பூக்கவில்லை. பூக்கவைக்க என்ன செய்யலாம்? வீட்டில் "பூவால என்ன வருமானம்" என்று கேட்கிறார்கள்.

(பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

வருமானம் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை, நீங்களும் மினக்கெட வேண்டாம். கார்த்திகைப்பூவை முன்பு லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள், இப்போது வேறு குடும்பம். கிழங்கில் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. பிள்ளைகள் வற்றாளைக் கிழங்கு என்று நினைத்துக் கடித்துவிடக்கூடும், கவனம்.

இனி உங்கள் 'அல்லி'. காதில் விழுந்ததை வைத்துக் கை எழுதிவிட்டது. அல்லி நீருக்குள் வேர்விடுவது, எங்கள் குளங்களில் நாங்கள் பார்த்து வளர்ந்தது. ஆங்கிலக்காரர் அதையும் லில்லியோடு சேர்த்து அழைத்தார்கள் என்பதற்காக, காய்ந்த மண்ணில் நிற்கும் செடியை நீங்கள் ஏன் குளத்துக்குள் இறக்குகிறீர்கள்? பழைய தமிழ் வேதாகமத்தில் 'லீலிபுஷ்பம்' என்றுதான் இருக்கிறது. மொழிபெயர்த்தவர்களுக்கு அல்லி தெரியாமலா? ஒரு பூவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை இன்னொரு பூவுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், தங்கச்சி. இதைத் தமிழ்ப்பற்று என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். லில்லி என்றே எழுதுங்கள், தமிழ் ஒன்றும் தேய்ந்துவிடாது. இல்லையென்றால் அதை வளர்த்த கிழவிகள் என்ன சொன்னார்கள் என்று போய்க் கேளுங்கள்.

அக்கராயனில் எங்கள் படலையிலிருந்து விறாந்தை வரை, நடைபாதையின் இரண்டு கரையிலும் அம்மம்மா இளஞ்சிவப்பு மழை லில்லி நட்டிருந்தா. கோடை முழுக்க அங்கே புல்தான் இருப்பதுபோலத் தெரியும். முதல் மழை விழுந்து நாலைந்து நாளில் அவ்வளவும் ஒரேயடியாகப் பூக்கும். அம்மம்மா அதை வெங்காயப்பூ என்பா. எனக்கு அப்போது பதினாலு வயது, ஒரு புத்தகத்தில் 'செபிராந்தஸ்' என்ற பெயரைப் பிடித்துவிட்டேன். மேல்காற்றின் பூ என்று பொருள், அதாவது கச்சான் காற்றுப்பூ. (எங்களுக்குப் பெருமழை வாடையோடு வருவது. பெயர் வைத்தவர் வன்னிப் பக்கம் வந்ததில்லை.) "அம்மம்மா, இது வெங்காயம் இல்லை" என்று நான் திருத்தப்போனேன். அவ ஒன்றும் சொல்லாமல் ஒரு கிழங்கைக் கிளறி எடுத்து, "உரிச்சுப் பார்" என்று கையில் தந்தா. தோல் தோலாக வந்தது.

2009 இல் தாவரவியலாளர்கள் தங்கள் வகைப்பாட்டைத் திருத்தி, வெங்காயத்தையும் மழை லில்லியையும் ஒரே குடும்பத்துக்குள் கொண்டுவந்தார்கள். நாங்கள் அப்போது செட்டிகுளத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். அம்மம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் "இப்பதான் உரிச்சுப் பார்த்தவையோ" என்று கேட்டிருப்பா.

2010 மாரியில் திரும்பிப் போனபோது வீடு இல்லை, வேலியும் இல்லை. ஆளுயரத்துக்குப் பத்தை. எங்கள் வளவு எது, பக்கத்து வளவு எது என்று அம்மாவும் மாமாவும் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அம்மம்மாதான் பத்தையை விலக்கிக் காட்டினா. முதல்நாள் மழைக்கு நனைந்த புல்லுக்குள் இரண்டு வரியாக மொட்டுகள் நின்றன. அந்த இரண்டுக்கும் நடுவால் நடந்து போனோம். முடிகிற இடத்தில் விறாந்தைப் படி கிடந்தது, மேல்படி மட்டும் உடைந்திருந்தது.

சரி, நீங்கள் கேட்டது நுவரெலியாக் கிழங்கு அல்லவா? அதற்குக் குளிர் வேண்டும், கிளிநொச்சியில் அதற்கு எங்கே போவது? விட்டுவிடுங்கள். ஐப்பசியில் இந்தப் பக்கம் வந்தால் ஒரு கடகம் வெங்காயப்பூக் கிழங்கு தருகிறேன், அந்தச் சாடிகளிலேயே நடலாம். வரும் முன் 'அல்லி'யை அழித்துவிட்டு வாருங்கள்.