600 கெஜத்துக்கு எந்தத் தோட்டா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: .308 வின்செஸ்டர் ரைஃபிளில் 600 கெஜம் பழகிவருகிறேன். இருபது தோட்டா சுட்டதுமே தோள் வலிக்கிறது. அதற்குப் பிறகு இலக்கில் துளைகள் தாறுமாறாக விழுகின்றன. உதை குறைந்த தோட்டாவுக்கு மாறலாமா? எது நல்லது?
– வாசகர், ஒஹாயோ, அமெரிக்கா

பதில்: தாராளமாக மாறுங்கள். 600 கெஜத்துக்கு .223 ரெமிங்டன் என்ற சிறிய தோட்டா போதும்.

குண்டின் எடை, அதன் வேகம், எரியும் வெடிமருந்தின் எடை, துப்பாக்கியின் எடை ஆகிய நான்கும்தான் உதையைத் தீர்மானிக்கின்றன. சுமார் 5.4 கிலோ ரைஃபிளில் 168 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) குண்டு போட்ட .308 ஏறக்குறைய 13 ஜூல் உதைக்கும். இடைப்பட்ட தோட்டாவான 140 கிரெயின் 6.5 கிரீட்மோர் 10, 11 ஜூல். 77 கிரெயின் .223 மூன்று, மூன்றரை ஜூல்தான்; .308 உதைப்பதில் நாலில் ஒரு பங்கு.

தோள்வலியை விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. .308 உதைத்ததும் ஸ்கோப் இலக்கை விட்டுத் துள்ளிவிடுகிறது. குண்டு எங்கே விழுந்தது என்று சுட்டவருக்கே தெரிவதில்லை. 600 கெஜம் போய்ச்சேரக் குண்டுக்கு ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். .223-இல் அதற்குள் ஸ்கோப் மறுபடி இலக்கில் நின்றுவிடும். மண் திட்டில் புழுதி கிளம்புவதை நீங்களே பார்த்துக் காற்றுக்குத் திருத்தலாம். காற்றைப் படிக்கக் கற்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

.223 ரைஃபிள் வாங்கும்போது குழலின் முறுக்கைத்தான் (குண்டைச் சுழல வைக்கும் உள்வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதை) முதலில் கேளுங்கள். 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தால் 77 கிரெயின் நன்றாகப் போகும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள பழைய குழலில் அதே குண்டு நிலைகொள்ளாமல் புரளும். காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை விழும். அப்போது ஸ்கோப்பைத் திருகிப் பயனில்லை. இன்னொன்று: .223 என்று மட்டும் பொறித்த குழலில் அதே அளவிலான ராணுவத் தோட்டாவான 5.56 நேட்டோவைப் போடாதீர்கள். .223 குழலின் தொண்டை (குண்டு குழல் வரிகளுக்குள் நுழையும் இடம்) குறுகலானது, அழுத்தம் எல்லை மீறும்.

உங்கள் மாநிலத்துக் கேம்ப் பெரி சுடுதளத்தில் நடக்கும் சர்வீஸ் ரைஃபிள் (ராணுவ வகை ரைஃபிள்) போட்டிகளில் 200, 300 கெஜத்துக்கு 77 கிரெயினை மேகசினிலிருந்தும், 600-க்கு 80 கிரெயினை ஒவ்வொன்றாகக் கையால் இட்டும் சுடுவார்கள். 80 கிரெயின் தோட்டா மேகசினில் அடங்காத நீளம். மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில் 77 கிரெயின் 600 கெஜத்தில் 90 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை விலகும். இது .308-ஐ விடச் சற்று அதிகம்தான். பயிற்சிக்கு அது குறையே அல்ல. 1000 கெஜத்துக்கு மட்டும் 77 கிரெயினை நம்பாதீர்கள். அதற்கு முன்பே வேகம் ஒலியின் வேகத்துக்கு அருகே இறங்கிவிடும்.

தோட்டாவை மாற்றியதும், உதையை எதிர்பார்த்து உடல் துணுக்குறும் பதற்றம் உடனே போய்விடாது. பத்துத் தோட்டாவில் இரண்டு மூன்று போலி (வெடிக்காத) தோட்டாக்களை உங்களுக்குத் தெரியாமல் நண்பர் கலந்து வைக்கட்டும். போலியில் ஊசி விழும்போது குழல் முனை தாழ்ந்தால் கோளாறு தோட்டாவில் இல்லை, டிரிகர் விரலில்.

கேள்வி: 6 மி.மீ. கிரீட்மோரும் உதை குறைவு என்கிறார்களே?
– வாசகி, டெக்சஸ்

பதில்: .308-ஐ விடக் குறைவுதான். ஆனால் அதே 105 கிரெயின் குண்டை 6 மி.மீ. பி.ஆர். என்ற இன்னொரு தோட்டா சுமார் 30 கிரெயின் மருந்தில் அனுப்புகிறது. கிரீட்மோருக்கு 40-க்கு மேல் வேண்டும். வேகம் கூடும், உதையும் கூடும், குழலின் தொண்டையும் சீக்கிரம் அரிக்கும். 2000 தோட்டாவுக்குள் துல்லியம் தேய ஆரம்பிக்கலாம். நிறையச் சுட்டுப் பழக வேண்டியவருக்கு இது கட்டுப்படியாகாது. சர்வதேச 300 மீட்டர் போட்டியில் 10 மதிப்பெண் வளையம் 10 செ.மீ. அகலம்தான், அங்கே பலரும் பி.ஆர். வைத்திருப்பது சும்மா இல்லை. அதன் கூடு குட்டையானதால் மேகசினில் சிக்குவது உண்டு, கடைகளிலும் எளிதில் கிடைக்காது. தோட்டாவை நீங்களே நிரப்பத் தயாரென்றால் எடுங்கள்.

கேள்வி: வீட்டருகே 200 கெஜ மைதானம்தான் இருக்கிறது. .22 (சிறிய ரிம்ஃபயர் தோட்டா) பயன்படுமா?

பதில்: நன்றாகவே பயன்படும். 200 கெஜத்தில் .22-க்குத் தேவைப்படும் காற்றுத் திருத்தம், கோண அளவில் 600 கெஜத்து .223-க்கு ஏறக்குறையச் சமம். 50 கெஜத்தில் ஸ்கோப்பை நிலைப்படுத்தினால் 200-க்கு இன்னும் 25 எம்.ஓ.ஏ. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம்) வரை ஏற்ற வேண்டியிருக்கும், ஸ்கோப்பைப் பொருத்த 20 எம்.ஓ.ஏ. சாய்வுள்ள ரெயில் போடுங்கள். 'ஹை வெலாசிட்டி' (அதிவேகம்) என்று போட்ட தோட்டா டப்பாவைத் தொடாதீர்கள். அந்தக் குண்டு பாதி வழியில் ஒலியின் வேகத்தைக் கடந்து இறங்கும், குழுமம் (இலக்கில் துளைகள் விழும் கூட்டம்) விரியும். நொடிக்கு 1050 முதல் 1080 அடி போகும் 40 கிரெயின் மேட்ச் (போட்டித் தர) தோட்டா வாங்குங்கள். ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) ஐந்தைந்தாக ஐந்து குழுமம் சுட்டுப் பார்த்து, நெருக்கமாக விழும் லாட்டையே மொத்தமாக எடுங்கள். உறைகுளிரில் ஒலியின் வேகம் 1087 அடிக்கு இறங்கிவிடும். அந்த நாட்களில் 1050-ஐ ஒட்டிய லாட்தான் பாதுகாப்பு.