தசைச் சிதைவு நோயில் குரல் சன்னமாவது ஏன்? குரல்வளையும் பலவீனமாகிவிடுமா?

என் தம்பிக்கு டூஷேன் வகைத் தசைச் சிதைவு. வயது 19. வீடு கோத்தகிரியில். அவன் குரல் இறங்கியது எங்களுக்குத் தெரிந்தது ஒரு ஜூலை மாத மழை ராத்திரியில். புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லி "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டிருக்கிறான். தகரக் கூரையில் மழை அடித்த அடியில், அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்கவே இல்லை. குளிருக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்று இங்கே ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த சிரப்பிலேயே ஒன்றரை மாதம் போய்விட்டது. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் கோயம்புத்தூரில் மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்த்தார்கள். குரல் நாண்கள் நன்றாகவே மூடித் திறந்தன. கோளாறு அதற்குக் கீழே. உதரவிதானமும் விலாத் தசைகளும் தளர்ந்து, நாண்களை அதிர வைக்கும் காற்றே போதவில்லை. இதே மரபணுக் கோளாறு உள்ள எலிகளிலும் கால் தசைகள் சிதையும்போது குரல்வளையின் உள் தசைகள் பெரிதும் தப்பிவிடுகின்றன.

எல்லா வகையும் இப்படி இல்லை. மயோடோனிக் வகையில் நாக்கு இறுகும், பேச்சு மூக்கால் வரும். இமை தொங்கி, பெரும்பாலும் 40 வயதுக்கு மேல் தொடங்கும் வகையில் விழுங்குவது சிரமமாகும். எச்சில் தேங்கிக் குரல் களகளக்கும்.

சரி, டூஷேனில் குரல் இறங்கினால் முதலில் இருமலைப் பாருங்கள். இரண்டுக்கும் மூச்சு ஒன்றுதான். இருமும் வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால் சாதாரணச் சளியே நெஞ்சில் தங்கி ஆபத்தாகும். தம்பிக்கு 230. பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தபடி ஆம்பு பையால், அதாவது முகமூடி வைத்துக் கையால் அமுக்கும் காற்றுப் பையால், காற்று ஏற்றுகிறோம். நான் ஒரு அமுக்கு அமுக்குவேன், அவன் தொண்டையை அடைத்துப் பிடித்துக்கொள்வான். விடாமல் அதன் மேல் இன்னொன்று, மூன்றாவது. போதும் என்றால் புருவத்தைத் தூக்குவான். முகமூடியை எடுத்ததும் ஒரு இருமல், சளி மேலே வந்துவிடும். அத்தனை காற்றையும் உள்ளே பூட்டி வைப்பது அவனுடைய குரல்வளைதான்.

ஞாயிறுதோறும் ஒரே மூச்சில் எண்ணச் சொல்லி, காலண்டரில் குறிக்கிறேன். போன வருஷம் 24, இப்போது 17. சட்டென்று இறங்கினால் காத்திருக்காமல் மலை இறங்கிவிடுவோம். நீங்களும் குறித்து வையுங்கள். அப்படியே ஒரு வயர்லெஸ் பெல் வாங்கி, ராத்திரி விரலுக்கு எட்டும்படி வைத்துவிடுங்கள்.